ஓரறை இல்லறம்

(ஆலயத் திருவிழாவையொட்டி மண்டபத்தில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

திருவிழாக் காலத்தில் இம்மேடையேறுவோர் புராணத்தையோ திருமுறையையோ பொருளாகக் கொண்டு பேசுவதே வழக்கம். நிர்வாகக் குழுவினர் என்னை அணுகியபோது, "அந்தக் காலத்து வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள், இளையோர் கேட்கட்டும்" என்று பணித்தனர். அந்தக் காலம் என்று அவர்கள் சுட்டியது, போர் ஓய்ந்த 1945 தொடங்கி, அடுக்குமாடி வீடுகளுக்கு நாம் குடிபெயர்ந்த 1960கள் வரையிலான ஏறத்தாழ இருபது ஆண்டுகளை. அக்காலச் சிங்கப்பூரில் கூலிவேலை செய்து பிழைத்த நம் குடும்பங்கள் எத்தகைய இடங்களில் வாழ்ந்தன, அங்கே ஒருநாள் பொழுது எப்படிக் கழிந்தது என்பதையே இன்று எடுத்துரைக்க எண்ணுகிறேன்.

"அக்காலத்தில் ஒற்றுமை இருந்தது, வீட்டுக் கதவுகள் திறந்தே கிடந்தன, இன்று யாவரும் கதவை அடைத்துக்கொண்டோம்" என்று பலர் பெருமூச்செறிவதை நான் கேட்டிருக்கிறேன். இதே மேடையிலும் கேட்டிருக்கிறேன். அவ்வாறு பேசுவோர் ஏறக்குறைய அனைவரும் அன்று சிறுவர்களாக இருந்தவர்கள். நானும் அவர்களுள் ஒருவன். ஆயினும் அவ்வீடுகளை நடத்திய தாய்மாரிடம் கேட்டால் விடை வேறாக வரும் என்பது என் துணிபு. அவ்விடையை இயன்றவரை இங்கே சொல்ல முயல்கிறேன்.

நம்மவர் குடியிருந்த இடங்கள் பெரும்பாலும் இருவகை. ஒன்று, கடைவீட்டு மாடி. சிராங்கூன் சாலையை ஒட்டிய தெருக்களிலும் தஞ்சோங் பகார் வட்டாரத்திலும் முகப்பு ஒடுங்கி உட்புறம் நீண்ட கடைவீடுகள் வரிசையாக நின்றன. கீழே கடை, மேலே குடித்தனம். ஒரு குடும்பம் வாழ்வதற்குரிய மாடியைப் பலகையால் தடுத்துத் தடுத்துப் பல அறைகளாக்கி, அறைக்கு ஒரு குடும்பம் என்று வாடகைக்கு விட்டிருந்தார்கள். பலகைத் தடுப்பு கூரையைத் தொடாது. மேலே இடைவெளி இருக்கும். தெருப்பக்கத்து அறைக்குச் சன்னல் உண்டு. ஆகையால் அதற்கு வாடகையும் அதிகம். நடு அறைகளுக்குச் சன்னல் கிடையாது. நண்பகலிலும் விளக்கேற்ற வேண்டும். நகரின் சுகாதார நிலையை ஆராய வந்த பேராசிரியர் சிம்சன் என்பார் 1907-இல் அளித்த அறிக்கையிலேயே, இத்தகைய வீடுகளில் காற்றும் வெளிச்சமும் புகவில்லை என்பதை விரிவாக எழுதிவைத்தார். அவ்வறிக்கைக்குப் பின் நாற்பது ஆண்டுகள் கழிந்தும் நம் தாய்மார் அதே இருட்டில்தான் பிள்ளை வளர்த்தார்கள்.

இதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1947 குடிமதிப்பின்படி ஏறத்தாழ 940,000 பேர் வாழ்ந்த இத்தீவில், 1957-இல் மக்கள்தொகை 1,445,000-ஐத் தாண்டியது. வீடு கட்டுவதற்கும் நகரைச் சீர்செய்வதற்கும் 1927-இல் அமைக்கப்பட்ட சிங்கப்பூர் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டியவை மொத்தம் 23,000 அளவிலேயே இருந்தன. இதனோடு 1947-இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். போருக்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை அச்சட்டம் உயரவிடாமல் தடுத்தது. ஏழைக்கு நல்லது போலத்தான் தோன்றும், நல்லதும் செய்தது. ஆனால் வருமானம் உயராத கட்டடத்தைப் பழுதுபார்க்க உரிமையாளர் முன்வரவில்லை. மாடி முழுவதையும் குறைந்த வாடகைக்குப் பிடித்து வைத்திருந்த முதற்குடியிருப்பாளரோ அதனைத் துண்டு துண்டாக உள்வாடகைக்கு விட்டார். புதிதாக வருவோர், 'டீ காசு' என்று ஒரு தொகையை முன்னதாகக் கொடுத்தால்தான் அறை கிடைக்கும்.

மற்றொரு வகை, வேலை கொடுத்தவர்களே கட்டிக்கொடுத்த தொழிலாளர் குடியிருப்பு. நகராட்சி, துறைமுக வாரியம், ரயில்வே, செம்பவாங் கடற்படைத் தளம் ஆகியவை இத்தகைய குடியிருப்புகளை வைத்திருந்தன. நம்மவர் இவற்றை 'லயன்' என்றே அழைத்தார்கள். நீண்ட கட்டடம், முன்னால் ஒரு தாழ்வாரம், வரிசையாக ஒற்றை அறைகள், கோடியில் பொதுக் குழாயும் கழிப்பிடமும். இவ்வரிசைகளிற் பல, ஊரில் மனைவியை விட்டுவிட்டுத் தனியே வந்த ஆடவரை மனத்திற்கொண்டு கட்டப்பட்டவை. போருக்குப் பின் நம்மவர் குடும்பத்தை அழைத்து வந்தபோது, ஆண்கள் படுத்து எழுவதற்கென்று அளந்த அறை, கணவனும் மனைவியும் ஐந்தாறு பிள்ளைகளும் வாழும் இல்லமாயிற்று. என் தந்தையார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். நான் வளர்ந்ததும் இத்தகைய ஓர் அறையில்தான்.

பெருமக்களே! வீட்டின் அளவைச் சொல்லிவிட்டேன். இனி அவ்வீட்டில் ஒரு நாள்.

பொழுது விடியுமுன் எழுவது தாய். காரணம் தண்ணீர். அத்தனை குடும்பத்துக்கும் ஒரு குழாய். மண்ணெண்ணெய்த் தகரத்தின் வாயை வெட்டி, குறுக்கே ஒரு கட்டையை அறைந்து செய்த வாளிகள் வரிசையில் நிற்கும். ஆள் நிற்க நேரமில்லாதபோது வாளியே ஆளுக்குப் பதில். அவ்வாளியை எவரேனும் நகர்த்திவிட்டால் அன்றைய சண்டைக்கு அதுவே வித்து. குழாயடிச் சண்டை என்று நாம் நகைத்துப் பேசுகிறோம். ஆறு மணிக்கு வேலைக்குப் புறப்படும் கணவனுக்குப் பசியாறக் கொடுக்க வேண்டும். ஏழு மணிக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். அதற்கு நடுவில் ஒரு வாளித் தண்ணீர் கால்மணி நேரம் தாமதித்தால் அன்றைய நாளே கெட்டுவிடும். அப்பெண்கள் போராடியது நேரத்துக்காக.

கடைவீட்டு மாடியில் சமையற்கட்டும் பொது. கரியடுப்போ விறகடுப்போ குடும்பத்துக்கு ஒன்றாக வரிசையாய் இருக்கும். புகை போக்கி சரியாக இராது. சோறு பொங்கியதும் பானை, உப்பு, மிளகாய், எண்ணெய் எல்லாவற்றையும் மீண்டும் தன் அறைக்குத் தூக்கிச் செல்வாள் அன்னை. அங்கேயே விட்டுவைத்தால் மறுவேளைக்கு அளவு குறைந்திருக்கும். ஒற்றுமையாக வாழ்ந்தவர்கள்தாம், ஆனாலும் எண்ணெய்ப் போத்தலைப் பிறர் கண்ணெதிரே விட்டுவைக்கும் அளவுக்கு எவரிடமும் மிச்சம் இருந்ததில்லை. போர் முடிந்த பின்னும் சில ஆண்டுகள் அரிசி பங்கீட்டு முறையில்தான் கிடைத்தது என்பதையும் மறத்தலாகாது.

தஞ்சோங் பகாரில் வாழ்ந்தோர் ஒன்றை நன்கு அறிவர். அங்கே கடையநல்லூரிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய இருந்தன. அவ்வீட்டுப் பெண்மணிகள் மிளகாய், மல்லி, மஞ்சள் ஆகியவற்றை அம்மியில் அரைத்து விற்றுப் பிழைத்தார்கள். நாளெல்லாம் மிளகாய் அரைத்த கை இரவில் எப்படி எரியும் என்பதை எண்ணிப் பாருங்கள். அவர்கள் அரைத்த மசாலை நம் வீட்டுக் குழம்பிலும் சேர்ந்தது. அம்மக்களின் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-இல் நிறுவிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி பின்னாளில் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, 1982 வரை பல சமயத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் கல்வி புகட்டியது. அம்மியடியில் உழைத்த குடும்பங்களின் காசும் அப்பள்ளியில் இருக்கிறது.

வரவு செலவைச் சொல்லாமல் இல்லறத்தைச் சொல்ல முடியாது. மளிகைக் கடையில் கடன் புத்தகம் வைத்துத்தான் மாதம் ஓடும். '555' என்று அட்டையில் அச்சிட்ட சிறு குறிப்புப் புத்தகத்தைப் பின்னாளில் பிறந்தவர்களும் கண்டிருப்பீர்கள். சம்பள நாளன்று கடைக்காரருக்குக் கொடுத்து, சீட்டுக்குக் கட்டி, வட்டிக்குக் கொடுத்து, ஊரிலுள்ள மாமனார் மாமியாருக்குப் பணம் அனுப்பி மீதியை எண்ணினால், கையில் நிற்பது சில வெள்ளிகளே. அச்சில வெள்ளிகளும் வீடு வந்து சேருமா என்பது வேறு கேள்வி. சம்பள நாள் மாலையில் வேலையிடத்து வாயிலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மனைவிமார் காத்து நின்றதுண்டு. கள்ளுக்கடை வழியிலேயே இருந்தது. இதைத் திருவிழா மேடையில் சொல்வானேன் என்று சிலர் முகம் சுளிக்கலாம். சொல்லாமல் விட்டால், அப்பெண்கள் நின்ற நிற்பும் சேர்ந்தே மறைந்துபோகும். கணவன் கொண்டுவருவது போதாதென்று ஆப்பமும் இடியப்பமும் சுட்டு விற்றவர்கள், பிறர் துணிகளைத் துவைத்துக் கொடுத்தவர்கள், தாலிச் சங்கிலியை அடகுக் கடைக்கும் வீட்டுக்குமாக நடத்தியவர்கள் எத்தனையோ பேர்.

இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாய் விரித்தால் அறை முடிந்தது. வளர்ந்த பையன்கள் ஐந்தடி நடைபாதையிலோ தாழ்வாரத்திலோ படுப்பார்கள். ஆலய முன்மண்டபத்தில் உறங்கியவர்களும் உண்டு. அது பெருமழை நாளில் திண்டாட்டம். புதுமணத் தம்பதியருக்கும் மாமியாருக்கும் நடுவே பழைய சேலை ஒன்று திரையாகத் தொங்கும். அச்சேலைக்கு இப்புறம் இருமல் கேட்டால் அப்புறம் பேச்சு நிற்கும். இதற்குமேல் இதை விளக்குதல் அவைக்கு அழகன்று, பெரியவர்கள் அறிவீர்கள்.

கழிப்பிடமோ வாளி முறை. நள்ளிரவில் ஒரு பெண் அங்கே செல்ல வேண்டுமானால் துணைக்கு ஒருவரை எழுப்ப வேண்டும்; கையில் விளக்கு வேண்டும். பல பெண்கள் மாலைக்குப் பின் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். சிங்கப்பூரில் வாளி முறை அறவே ஒழிந்தது 1987-இல்தான் என்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். அவ்வாளிகளை அள்ளிச் சுமந்த தொழிலாளருள் நம்மவரும் இருந்தார்கள். ஒரே லயன் வரிசையில் வாழ்ந்தும் அவர்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்கிய சாதிப் பெருமையும் நம்மிடையே இருந்தது. 1932-இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கம் இத்தகைய வழக்கங்களைக் கண்டித்துப் பேசி வந்தது வெறுங்காரணத்தால் அன்று. கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன என்போர், எல்லாக் கதவுக்குள்ளும் எல்லாரும் நுழைந்தார்களா என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

நோயும் அவ்வறையிலேயே பகிர்ந்துகொள்ளப்பட்டது. காற்றோட்டமில்லாத இடத்தில் ஒருவருக்குக் காசநோய் கண்டால் அடுத்தவருக்குப் பரவத் தடையேது? அந்நாளில் இந்நகரில் உயிர்களைப் பெருமளவில் கொண்டுபோன நோய்களுள் காசமும் ஒன்று. காசநோய் எதிர்ப்புச் சங்கமாகிய சாட்டா 1947-இல் தோன்றியது. டான் டோக் செங் மருத்துவமனையில் நோயாளிகள் நிறைந்திருந்தார்கள். அந்நோய் கண்ட வீட்டைப் பற்றிப் பெண்வீட்டார் மூடிமூடிப் பேசுவார்கள். மகப்பேறோ, கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் நிகழும். இல்லையேல் மருத்துவச்சி வர, அறையிலேயே நிகழும். ஆடவரும் பிள்ளைகளும் வெளியே அனுப்பப்படுவார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் அடுப்பை மூட்டி வெந்நீர் வைப்பார்கள். குழாயடியில் காலையில் சண்டையிட்டவளே மாலையில் வந்து நிற்பாள். அதுவும் உண்மைதான், மறுப்பதற்கில்லை. சீனக் குடும்பங்கள் அடுத்திருந்த இடங்களில், சந்தை மலாயில் நான்கு சொல் பேசி அவ்வீட்டு மூதாட்டியும் வந்து கைகொடுப்பார்.

தீபாவளிக்கு முந்திய வாரத்தைச் சொல்லாமற்போனால் நான் ஒருதலையாகப் பேசியவனாவேன். ஒரே உரலில் முறைவைத்து மாவிடிப்பார்கள். இரவு முழுவதும் ஓர் அடுப்பு அணையாது. ஒரு வீட்டார் முறுக்குச் சுட்டு முடித்ததும் அதே சட்டியில் மிஞ்சிய எண்ணெயை அளந்து, கணக்குப் பார்த்து, அடுத்த வீட்டார் வாங்கிக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு ஒரே துணியில் வெட்டித் தைத்த சட்டைகள். வரிசை முழுவதும் பலகாரத் தட்டு போய்வரும். தட்டு வெறுங்கையாகத் திரும்பாது. சீனிச் சிட்டிகையாவது அதில் இருக்கும். அந்த இன்பம் பொய்யன்று. அதை நாங்கள் உண்டோம். அன்னையர் ஒரு வாரம் உறங்காமல் சமைத்தார்கள்.

ஆலயத்துக்கும் இவ்வாழ்க்கைக்கும் உள்ள உறவைப் பற்றி ஒன்று. வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் ஆலயத்துக்கு வந்தார்கள். அவர்களுடைய பக்தியை நான் ஐயுறவில்லை. ஆயினும் அவ்வாரம் முழுவதிலும் அவர்களுக்குக் கால்நீட்டி உட்கார இடம் கிடைத்தது இங்கே மட்டும்தான். தலைக்குமேல் உயர்ந்த கூரை, காற்று, சுத்தமான தரை, வேலை சொல்ல எவரும் இல்லாத அரைமணி நேரம். பூசை முடிந்தும் எழுந்திருக்காமல் தூணில் சாய்ந்திருந்த என் தாயாரை, "வீட்டுக்குப் போகலாம் வாங்கம்மா" என்று நான் நச்சரித்தது உண்டு. அன்று எனக்கு வயது ஏழோ எட்டோ.

இனி, இவ்வீடுகள் எவ்வாறு மறைந்தன என்பது. லயன் அறைக்கு ஒரு குறை இருந்தது. அது அளவைவிடப் பெரிய குறை. வேலை போனால் வீடும் போகும். குடும்பத் தலைவர் இறந்தால், ஓய்வு பெற்றால், விலக்கப்பட்டால், பெட்டியைக் கட்ட வேண்டும். 1968 சனவரியில் பிரிட்டன் தன் படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாக அறிவித்து, 1971-இல் அது நிறைவேறியபோது, கடற்படைத் தளத்துக் குடும்பங்கள் பல, வேலை, கூரை இரண்டையும் பற்றி ஒருசேரக் கவலையுற்றன. நெடுங்காலம் ஆண்ட வீட்டின்மீது ஓர் ஆணியடிக்கவும் உரிமையில்லாத வாழ்க்கை அது.

1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பெற்றது. மறு ஆண்டு மே 25-இல் புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் மூண்ட பெருந்தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றோராக்க, கட்டுமானப் பணி மேலும் விரைந்தது. முதல் ஐந்தாண்டில் 50,000-க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. தொடக்கத்தில் ஓரறை வீட்டுக்கு மாத வாடகை 20 வெள்ளி, ஈரறைக்கு 40, மூவறைக்கு 60. இன்று இது சிறு தொகையாகத் தோன்றும். லயனில் வாடகை என்று தனியே எண்ணிக் கொடுத்துப் பழகாதவர்களுக்கு 40 வெள்ளி மலைப்பைத் தந்தது. அதன்மேல் தண்ணீர்க் கட்டணம், மின்கட்டணம் வேறு. மின்தூக்கியில் ஏற அஞ்சிப் படியேறிய பாட்டிமார்கள் இருந்தார்கள். உரலை என்ன செய்வது என்பது பெரிய வழக்காயிற்று. மேல்மாடியில் இடித்தால் கீழ்வீட்டார் வந்து கதவைத் தட்டினார்கள். அம்மியும் உரலும் பலருடைய வீட்டு மூலையில் சில ஆண்டுகள் கிடந்து, பின்னர் எங்கோ போயின.

அடுக்குமாடிக்கு வந்தபின் தனிமை வந்தது என்பதை ஒப்புகிறேன். பழகிய முகங்கள் நாலாபுறமும் சிதறின. ஒரே வரிசையில் இருந்தவர்கள் ஒருவர் குவீன்ஸ்டவுனுக்கும் ஒருவர் தோ பாயோவுக்கும் போனார்கள். திருவிழா நாளில் ஆலயத்தில் சந்தித்து, "நீங்கள் இப்போது எங்கே?" என்று கேட்டுக்கொள்வது அப்போது தொடங்கிய வழக்கம். அந்த இழப்பு மெய். ஆனால் எவரேனும் ஒரு தாய், "என்னை மீண்டும் அந்த அறைக்கே அனுப்பிவிடுங்கள்" என்று கேட்டதாக நான் இதுவரை அறிந்திலேன். புது வீடு எப்படியிருக்கிறது என்று என் தாயாரிடம் உறவினர் ஒருவர் வினவியபோது, அவர் குழாயைச் சொல்லவில்லை, மின்விளக்கைச் சொல்லவில்லை. "குளிக்கிற இடத்துல உள்ள தாப்பாள் போட்டுக்கலாம்ப்பா" என்றார்.

அந்நாளில் இல்லறம் நடத்திய தாய்மார் சிலர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். தொண்ணூறைத் தாண்டிய இருவரை இம்மண்டபத்தின் வலப்புறத் தூணருகே நாற்காலியில் காண்கிறேன். அன்னதானம் முடிந்து கலைவதற்குமுன் இளைஞர்கள் அவர்களிடம் சென்று அமருங்கள். "அந்தக் காலம் எப்படி இருந்தது, பாட்டி?" என்று பொதுவாகக் கேட்டால், நல்லா இருந்துச்சு என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். குழாய் எவ்வளவு தூரத்தில் இருந்தது, அடுப்பு எத்தனை, பிள்ளை பிறந்தபோது யார் வெந்நீர் வைத்தார்கள், மாதக் கடைசியில் என்ன சமைத்தீர்கள் என்று கேளுங்கள். எழுதிக்கொள்ளத் தாளும் பேனாவும் அலுவலகத்தில் கிடைக்கும்.